நுண்ணுயிரியலும் மூலக்கூற்றுயிரியலும்

பல்கலைக்கழகம் புக விரும்பும் மாணவருட் சிலர், நுண்ணுயிரியலும் மூலக்கூற்றுயிரியலும் ஒரே துறையின் இரு பெயர்களென மயங்குகின்றனர். இரண்டும் வெறுங்கண்ணுக்குப் புலனாகாதவற்றை ஆராய்வனவாதலின் இம்மயக்கம் இயல்பே. எனினும், வாழ்நாள் முழுதும் தொடரக்கூடிய கல்வியைத் தெரிவுசெய்வோர் இவற்றின் வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். அதனை நாம் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

நுண்ணுயிரியல், தான் ஆராயும் பொருளாற் பெயர் பெற்றது. பற்றீரியா, பங்கசு, வைரசு முதலியன எங்கே காணப்படுகின்றன, எவ்வாறு பெருகுகின்றன, அவற்றுள் நோய் தருவன யாவை, நன்மை பயப்பன யாவை என்பன அதன் வினாக்கள். மூலக்கூற்றுயிரியலோ ஆராயும் நிலையாற் பெயர் பெற்றது. டீ.என்.ஏ., ஆர்.என்.ஏ., புரதம் ஆகிய மூலக்கூறுகள் கலத்தினுள் யாது செய்கின்றன என்பதே அதன் வினா. அக்கலம் பற்றீரியாவினதாயினும், நெற்பயிரினதாயினும், மனிதனதாயினும் அதற்கு ஒக்கும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். 1928இல் இலண்டனில் பிரெடரிக் கிரிபித் என்னும் மருத்துவர், நியூமோனியாவை உண்டாக்கும் பற்றீரியாவை ஆராய்ந்தார். உறையுடைய வகை சுண்டெலியைக் கொன்றது. உறையற்ற வகை கொல்லவில்லை. வெப்பத்தாற் கொல்லப்பட்ட உறையுடைய வகையையும், உயிருள்ள உறையற்ற வகையையும் சேர்த்து ஏற்றியபோது சுண்டெலிகள் இறந்தன. அவற்றின் குருதியில் உறையுடைய பற்றீரியா உயிரோடு காணப்பட்டது. தீங்கற்றது தீங்குடையதாக மாறிவிட்டது! நோய்க்கிருமியின் தன்மை மாறுவது பற்றிய இவ்வாராய்ச்சி நுண்ணுயிரியலைச் சார்ந்தது.

அம்மாற்றத்தை விளைத்த பொருள் யாது? இவ்வினாவிற்கு 1944இல் நியூயோர்க்கிலுள்ள றொக்பெல்லர் நிலையத்தில் ஏவெரி, மக்லியொட், மக்காட்டி ஆகிய மூவரும் விடை கண்டனர். அப்பொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி, புரதத்தைச் சிதைக்கும் நொதியங்களை இட்டனர். அதன் ஆற்றல் குன்றவில்லை. டீ.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தை இட்டபோதோ ஆற்றல் அழிந்தது. பரம்பரைப் பண்பைச் சுமப்பது டீ.என்.ஏ. என்பதற்கு இது வலிய சான்றாயிற்று. 1941இல் இலண்டனில் நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் உயிர்நீத்த கிரிபித் இவ்விடையை அறிந்திலர். கிருமி ஒன்றே, வினாக்களே வேறு.

இன்று இத்துறைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1960களில் அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் தோமஸ் புரொக் என்னும் நுண்ணுயிரியலாளர் கண்ட பற்றீரியாவின் நொதியம், பிற்காலத்தில் டீ.என்.ஏ.யைப் பெருக்கும் பீ.சி.ஆர். முறைக்கு உறுதுணையாயிற்று. 2020இல் பரவிய கொவிட் நோயைக் கண்டறிய உலகெங்கும் அம்முறையே பெரிதும் கையாளப்பட்டது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாவால் நோயாளி ஒருவர் வருந்துகின்றார் எனக் கொள்வோம். மருந்தை எதிர்க்கும் பரம்பரையலகு அக்கிருமியில் உண்டென மூலக்கூற்றுப் பரிசோதனை சில மணி நேரத்திற் காட்டக்கூடும். எம்மருந்து, எவ்வளவில் அக்கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பதையோ பெரும்பாலும் அதனை வளர்த்துப் பார்த்தே துணிகின்றனர். இவ்விரு விடைகளும் கிட்டுமிடத்தே மருத்துவர் தெளிவுடன் மருந்தளிக்கலாம்.

ஆதலின், உயிரின் வாழ்க்கையை அறிய விழைவோர் நுண்ணுயிரியலையும், உயிர்ச்செயல்களின் உள்ளமைப்பை அறிய விழைவோர் மூலக்கூற்றுயிரியலையும் தெரிவுசெய்வாராக. எதனைத் தெரிந்தாலும் மற்றதன் அடிப்படையைக் கல்லாது விடுதல் தகாது என்பதே எமது துணிபு.