வெசனம் என்ற சொல்லிலிருந்து தொடங்கு

அன்புள்ள அம்மிணி,

உன் கடிதம் வந்தது. பி.ஏ. முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, அதுவரை காத்திருக்காமல் இப்போதே கவுன்சிலிங் முதுகலையில் சேர்ந்துவிட முடியுமா என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் 'கவுன்சிலிங்' என்றதும் உன் அப்பாரு, "எஞ்சினீயரிங் சீட்டுக்கா?" என்று கேட்டாராமே. அவர் மேல் குற்றமில்லை. அந்தச் சொல்லை நாம் கல்லூரிச் சேர்க்கைக்கே கொடுத்துவிட்டோம். இலங்கைத் தமிழர்கள் இதை 'உளவளத்துணை' என்கிறார்கள். அப்பாருவிடம் அப்படிச் சொல்லிப் பார். துணை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு நேரான பதில்: முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது உண்மைதான். ஆனால் அந்தந்தப் படிப்புக்குரிய தகுதி உன்னிடம் இருந்தாக வேண்டும். முதுகலைக்குத் தகுதி, முடித்த இளங்கலை. இப்போதைக்குப் பி.ஏ.வோடு ஒரு சான்றிதழ்ப் படிப்போ டிப்ளமோவோ சேர்த்துப் படிக்கலாம். அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் இளங்கலையின் கடைசி ஆண்டிலேயே சில முதுகலைப் பாடங்களை எடுக்க விடுகின்றன. அங்கும் வகுப்பைத்தான் முன்னால் நகர்த்த முடிகிறது. அங்கே கேக்ரெப் என்ற அமைப்பின் தரச்சான்று பெற்ற கவுன்சிலிங் படிப்புகளில் முதலில் 100 மணி நேரப் பயிற்சி, பிறகு 600 மணி நேரக் களப்பணி. அந்த 600-இல் 240 மணி நேரம் உதவி தேடி வந்தவர்களோடு நேரடியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாமே மேற்பார்வையில் நடக்கும். இந்த மணிக்கணக்கை எந்தக் குறுக்கு வழியும் குறைப்பதில்லை.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. பட்டம் கைக்கு வருமுன்பே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான இடங்களில் இறுதியாண்டு மாணவர்களை, தேர்வு முடிவு வரும் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொள்கிறார்கள். புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு மார்ச்சிலேயே நடந்துவிடும். தேர்வு முடியட்டும் என்று மே மாதம் வரை சும்மா இருந்தால் ஒரு வருடம் போய்விடும். சென்னையில் 1952-இல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரியில் ஆலோசனை உளவியல் முதுகலை இருக்கிறது. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையையும் விசாரி. உளவியல் இளங்கலைதான் வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள். உன்னுடையது தமிழ் இலக்கியம் என்பதால் சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ.வையும் பார். எந்தப் பட்டம் படித்தவர்களும் சேரலாம், களப்பணியும் அந்தப் படிப்பின் உள்ளேயே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் அது உண்டு.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து மானியக் குழு தடுத்துவிட்டது. மூன்று மாதத்தில் 'சான்றிதழ் பெற்ற தெரபிஸ்ட்' ஆக்குகிறோம் என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டாதே. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். எங்கே சேர்வதானாலும் ஒரு கேள்வி கேள்: "நான் ஒருவரோடு பேசியதை யார் உட்கார்ந்து பார்த்துத் திருத்துவார்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே சேராதே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் பயிற்சிக் காலத்தில் விசைத்தறி ஓட்டும் ஓர் அம்மா வந்தார். சம்மதம் வாங்கிக்கொண்டு பேச்சைக் கேசட்டில் பதிவு செய்தேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்திருந்தேன். என் மேற்பார்வையாளர் ஒரு கடிகாரத்தை மேசைமேல் வைத்து, "நீ பேசிய நிமிடங்களைக் கூட்டு" என்றார். நாற்பது நிமிடத்தில் இருபத்தாறு நிமிடம் நான்தான் பேசியிருந்தேன். அந்த அம்மா இரண்டு முறை, "மனசே செரியில்லீங்க" என்று தொடங்கியிருக்கிறார். இரண்டு முறையும் நான் ஆறுதல் சொல்லி அடைத்திருக்கிறேன். கேசட்டைத் திரும்பக் கேட்டபோதுதான் அது என் காதில் விழுந்தது. அவர் அடுத்த வாரம் வரவில்லை.

ஆகவே இந்த எட்டு மாதத்தில் நீ படிக்க வேண்டியது கேட்பதைத்தான். வகுப்பில் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள்தான் கிடைக்கும். நம் சனங்கள் 'மன அழுத்தம்' என்றுகூடச் சொல்வதில்லை. "வெசனமா இருக்குது" என்பார்கள், "ஒறக்கமே புடிக்க மாட்டீங்குது" என்பார்கள், சிலர் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் பேசாமல் இருப்பார்கள். வெசனம் என்று ஒருவர் சொன்னால் அது கடனா, துக்கமா, மகள் வீட்டுக் கவலையா, உயிர் வெறுத்துப் போனதா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வை. பேர், ஊர் எதுவும் எழுதாதே, சொல் மட்டும் போதும். இலக்கியம் படிக்கிற உனக்கு இது கைவந்த வேலை.

உன் வீட்டிலிருந்து எட்டி நடந்தால் காவிரிப் படித்துறை. கருமாதிக்கும் திதிக்கும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் காரியம் முடிந்த பின்னும் உடனே எழுந்து போவதில்லை, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். மகுடேசுவரர் கோயிலில் தோஷம் கழிக்க வருகிறவர்களும் தங்கள் பாரத்தை யாரிடமாவது சொல்லத்தான் வருகிறார்கள். போய்ப் பேச்சுக் கொடுக்காதே. அவர்கள் துக்கம் உன் பாடமல்ல. ஆனால் பக்கத்தில் இருக்கும் உறவுக்காரர் எப்போது பேசுகிறார், எப்போது சும்மா தோளில் கை வைக்கிறார் என்று கவனி.

ஹாஸ்டல் தோழிகளுக்கு ஆலோசகராக ஆகிவிடாதே. தோழியாகவே இரு. ஆனால் யாராவது சாவதைப் பற்றிப் பேசினால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதே. தனியே விடாமல் பக்கத்தில் இரு, பெரியவர்கள் ஒருவரிடம் சொல், 14416-க்கு அவளோடு சேர்ந்து போன் பண்ணு. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா என்று உன் அம்மா கேட்டால் இதைச் சொல்: நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள், பயிற்சி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப்பணியாளரோ ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நம் பக்கம் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கல்லூரி என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். விண்ணப்பங்களை அதற்குள் வாங்கி வை, சேர்ந்து நிரப்பலாம். அந்த நோட்டையும் எடுத்து வா அம்மிணி, நீ சேர்த்த சொற்களை நான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அத்தை