பனிமலையில் ஒரு நாள்

(தரம் 10, 11 மாணவர்களுக்கு. புவியியலுக்கும் தமிழ்மொழிக் கட்டுரைக்கும் பயன்படுவது.)

மாணவர்களே, "நண்பர்களுடன் பனிமலை ஏறிய ஒரு நாள்" என்ற தலைப்பில் கட்டுரை எழுதும்படி கேட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? குடாநாட்டில் கீரிமலை பெயரளவில்தான் மலை, அது கடற்கரை. ஆகவே நுவரெலியாவுக்குப் போய், அங்கே பஞ்சுபோலப் பனி பொழிந்ததாகவும் அதை உருட்டி எறிந்து விளையாடியதாகவும் எழுதத் தோன்றும். கற்பனைக்குத் தடையில்லை. ஆனால் இலங்கையின் எந்த மலையிலும் அவ்வாறு பனி பொழிவதில்லை என்பதை அறிந்துகொண்டு எழுதவேண்டும்.

இக்குழப்பத்துக்கு "பனி" என்ற சொல்லும் ஒரு காரணம். மார்கழி, தை மாதங்களில் "பனி பெய்யுது, தலையை மூடு" என்று அம்மம்மா சொல்வது இரவில் நீராவி ஒடுங்கிப் படியும் நீர்த்துளிகளை. காலையில் வீதியை மறைப்பது மூடுபனி. அது நிலத்தோடு தங்கிய முகில். புல்லின்மேல் வெள்ளைப் பொடியாகப் படிவது உறைபனி. முகிலிலேயே பளிங்குகளாக உருவாகி நிலத்தில் வீழ்வது மழைப்பனி. இந்நான்கையும் தமிழில் "பனி" என்றே சொல்லிவிடுகிறோம். ஆலங்கட்டி இவற்றுள் எதுவுமன்று. அது இடிமுகிலிலிருந்து வெப்பமான ஊர்களிலும் விழும்.

இனி, இலங்கையில் மழைப்பனி ஏன் இல்லை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. யாழ்ப்பாணத்தின் ஆண்டுச் சராசரியை ஏறத்தாழ 28 பாகை எனக் கொள்க. ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலுள்ளது. 2.1 ஐ 6.5 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 14. எனவே அங்கே 14 பாகை இருக்கவேண்டும். அங்குள்ள உண்மைச் சராசரியும் 13 பாகையளவே. (இக்கணக்கைப் பாடமாக்க வேண்டாம்; செய்து பழகுங்கள்.) இதே வீதத்தில் பூச்சியப் பாகையை அடைய ஏறத்தாழ 4,300 மீற்றர் ஏறவேண்டும். நமது மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். இன்னும் 1,800 மீற்றர் வரை குறைவு. மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள கென்யா மலையில் பனிக்கட்டி காணப்படுவதற்குக் காரணம் அதன் 5,199 மீற்றர் உயரமே.

அப்படியானால் நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்குவது எது? அது உறைபனி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலற்ற, காற்றசையாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவால் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. புல்லின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே போனதும் நீராவி நீராகாமலே நேரடியாகப் பளிங்காகப் படிகிறது. இதனால் உறைபனி மலையுச்சியைவிடப் புற்பள்ளங்களிலேயே அதிகம். வானிலை நிலையத்து வெப்பமானி நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்கு மேலே இருப்பதால், அது 2 பாகை காட்டும் வேளையிலும் புல் வெண்மையாக இருக்கக்கூடும். பல மாணவர் விடுபடும் இடம் இதுதான்.

இவ்வளவும் தெரிந்த ஒருவர் எழுதக்கூடிய பந்தி பின்வருமாறு:

"விடியற்காலை ஆறு மணிக்கு நாங்கள் ஐவரும் ஹோட்டன் சமவெளியில் நடக்கத் தொடங்கினோம். பள்ளத்திலிருந்த புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தது. மிதித்தபோது நொறுங்கியது. தூரத்தில் மரையொன்று தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தது. வெயில் பட்டு அரை மணி நேரத்தில் வெண்மை மறைய, சப்பாத்தும் காற்சட்டையும் நனைந்துவிட்டன. உலக முடிவை அடைந்தபோது காற்று வீசியது. பருத்திச் சட்டை மட்டும் அணிந்திருந்த நண்பனுக்கு நடுக்கம் நிற்கவில்லை, பேச்சும் குழறியது. உடனே காற்றுப்படாத இடத்தில் அவனை இருத்தி, ஈரச் சட்டையைக் கழற்றி, என்னிடமிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையைப் போட்டு, சுடுநீர்க் குடுவையிலிருந்த இனிப்புத் தேநீரைக் கொடுத்தோம்."

இப்பந்தியில் மழைப்பனி இல்லை. ஆயினும் குளிர் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கடத்தும். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிராபத்து ஏற்படலாம். இதற்குப் பூச்சியப் பாகைக் குளிர் தேவையில்லை; 10 பாகையும் ஈரமும் காற்றும் போதும். வடக்கிலிருந்து சுற்றுலா போகும் பிள்ளைகள் பெரும்பாலும் மெல்லிய சட்டையுடன் போவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டால் குழு சிதறாது. நடுக்கம் நின்று தூக்கம் வந்தால் அதைக் குணமென்று எண்ணக்கூடாது. அது நிலைமை மோசமாவதன் அறிகுறி. உடனே மருத்துவ உதவி பெறவேண்டும்.

உண்மையான பனிமலையையே எழுத விரும்புவோர் இமயத்துக்குச் செல்லலாம். 2016 மே 21 இல் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இலங்கையரானார். அவருடன் சென்ற ஜொஹான் பீரிஸ் அவ்வாண்டு 8,400 மீற்றர் வரை ஏறித் திரும்பிவந்தார். பின்னர் 2018 இல் உச்சியை அடைந்தார். திரும்பி வந்ததைத் தோல்வியாக எழுதுவது பொருத்தமன்று. அவ்வுயரத்தில் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்கு அளவே.

பயிற்சி

1. கடல்மட்டத்தில் 27 பாகை செல்சியஸ் எனின், ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல புகையிரத நிலையத்தின் வெப்பநிலையை மதிப்பிடுக.

2. உறைபனி உச்சியில் அன்றிப் பள்ளத்தில் மிகுதியாகப் படிவதற்கான காரணத்தை விளக்குக.

3. மேலேயுள்ள பந்தியைத் தொடர்ந்து, குழு திரும்பி வந்ததை 100 சொற்களில் எழுதுக.