அழிக்கிறதுக்கு முன்னாடி எழுதிக்கோ

நோன்பு மாசம் வந்துட்டா நம்ம பேகம்பூர்ல ஓவனுக்கு ஓய்வே கிடையாது. சாயங்காலம் சமோசா, சஹர் நேரத்துல குழம்பும் சோறும். சரியா அந்த நேரம் பாத்துதான் டிஸ்ப்ளேல புரியாத ரெண்டு எழுத்து வந்து நிக்கும். "அக்கா, எஃப் 3ன்னு காட்டுது, இதை எப்படி அழிக்கிறது?"ன்னு உடனே போன்.

அழிக்கிறது சுலபம்தான் தங்கச்சி. அதுக்கு முன்னாடி அந்த எழுத்தைப் போட்டோ எடுத்து வச்சுக்கோ. பிளக்கை உருவினா அது போயிரும். அப்புறம் மெக்கானிக் வந்து "என்ன காட்டுச்சு?"ன்னு கேட்டா, "ஏதோ இ-யோ எஃப்-போ"ன்னு முழிச்சா அவர் எங்கேருந்து ஆரம்பிப்பார்? அந்த எழுத்து எந்தப் பாகத்துல கோளாறுன்னு ஓவனே சொல்ற சேதி. கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும், அதனால கூடவே வந்த புத்தகத்தைப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுராதே.

வர்றதெல்லாம் கோளாறும் இல்லை. பட்டன் எதுவுமே வேலை செய்யல, டிஸ்ப்ளேல 'எல்' எழுத்தோ சின்னதா ஒரு பூட்டுப் படமோ தெரியுதுன்னா அது சைல்டு லாக். ஸ்டாப் பட்டனை மூணு நாலு செகண்டு விடாம அழுத்தினா பெரும்பாலான மாடல்ல திறந்துக்கும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்குப் போய் சர்வீஸ்காரருக்குக் காசு கொடுக்கலாமா? சுவரோட பதிச்ச பெரிய ஓவன்ல, கரன்ட் போய் வந்ததும் கடிகாரம் கண் சிமிட்டிக்கிட்டே இருக்கும். சில மாடல்ல மணியைச் சரியா வைக்கிற வரைக்கும் அடுப்பே சூடாகாது. அதுவும் கோளாறு இல்லை.

நிஜமாவே எரர்தான்னா, முதல்ல ஸ்டாப் பட்டனை அழுத்து. கன்வெக்ஷன்ல ஏதாவது வெந்துக்கிட்டு இருந்துச்சுன்னா உள்ள ஃபேன் ஓடி நிக்கிற வரைக்கும் பொறு. சூட்டோட சூடா கரன்டை நிறுத்தினா அந்தச் சூடு போக வழியில்லாம உள்ளேயே நிக்கும். அப்புறம் சுவிட்சை அணைச்சு பிளக்கையும் உருவிரு. பழைய வீடுங்கள்ல ஒயரை மாத்திக் கொடுத்திருந்தா சுவிட்ச் அணைச்சும் லைன் உள்ளே இருக்கும், அதனாலதான் பிளக்கையும் எடுக்கச் சொல்றேன். அஞ்சுலருந்து பத்து நிமிஷம் அப்படியே விடு. டக்குனு அணைச்சு டக்குனு போட்டா பிரயோஜனமில்லை. கன்ட்ரோல் போர்டுல மிச்சம் இருக்கிற கரன்ட் வடிஞ்சாத்தான் அதுல இருக்கிற சிப் முதல்லேருந்து ஆரம்பிக்கும். பள்ளிவாசல்ல பாங்கு சொல்ல பத்து நிமிஷம்தான் இருக்குன்னா ரீசெட்டை விடு, சமோசாவைத் தோசைக்கல்லுல போட்டு எடு.

திரும்பப் போட்டதும் வெறும் ஓவனை ஓட்டாதே. ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல தண்ணி வச்சு ஒரு நிமிஷம் ஓட்டிப் பாரு. நல்லா ஓடுச்சுன்னா கரன்ட் ஏறி இறங்கினதுல வந்த குழப்பமா இருக்கலாம், விட்டுரலாம். அதே எழுத்து திரும்ப வந்துச்சுன்னா ஓவன் சொல்றது நிஜம்னு வச்சுக்கோ. நாள் முழுக்கப் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டா தேய்மானம் சேருமே தவிர கோளாறு போகாது.

நீ கேட்ட எஃப் 3 எல்ஜி மைக்ரோவேவ்ல வந்தா, ஏதோ பட்டன் அழுந்தினபடியே நிக்குதுன்னு அர்த்தம். சாம்சங்ல இதையே 'எஸ்.இ'ன்னு காட்டும், அது பாக்க '5 இ' மாதிரியும் இருக்கும். நம்ம சமையக்கட்டுல இது அதிகமா வர்றதுக்குக் காரணம் வேற யாரும் இல்லை, நாமதான். பக்கத்துலயே அடுப்பை வச்சு பிரியாணிக்குத் தாளிக்கிறோம், எண்ணெய்ப் புகையும் ஆவியும் பட்டன் இடுக்குல போய் உக்காருது. அப்புறம் சொட்டச் சொட்ட ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம். துணியை நல்லாப் பிழிஞ்சு துடை, உடனே காஞ்ச துணியால ஒரு தடவை துடை, பிளக்கை உருவி ஃபேனுக்கு அடியில ஒரு ராத்திரி காய விடு. பல தடவை இதுலயே சரியாயிரும். ஆகலைன்னா பட்டன் ஷீட்டையோ அந்த போர்டையோ மாத்தணும். அதே எல்ஜில எஃப் 1, எஃப் 2 வந்தா சூட்டை அளக்கிற சென்சார் சமாசாரம். துடைச்சாலும் காய வச்சாலும் அசையாது, மெக்கானிக்குக்குச் சொல்லிரு.

வளைகுடாவுலேருந்து மச்சான் கொண்டு வந்த ஓவன்னா இன்னொண்ணு பாக்கணும். துபாய், குவைத் ஓவன்னா கவலை இல்லை, அங்கயும் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்தான். சவுதில 60 ஹெர்ட்ஸ். பின்பக்க லேபிள்ல 60 மட்டும் போட்டிருந்தா இங்க அதோட டிரான்ஸ்பார்மர் அளவுக்கு மீறிச் சூடாகும். சிலதுல கடிகாரம்கூட மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும், அதைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம். அதை எத்தனை ரீசெட் பண்ணியும் புண்ணியமில்லை. எந்த ஊர் ஓவனா இருந்தாலும் அடாப்டர்ல சொருகாம, எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்ல போடு.

வீட்டு லைட்டெல்லாம் திடீர்னு பளிச்சுன்னு எரிஞ்சு ஃபேன் வேகமாச் சுத்துச்சுன்னா நியூட்ரல்ல பிரச்சினை இருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்துல அதைவிட ரொம்ப ஏறி வரும். முதல்ல மெயினை அணை, அப்புறம் மின்வாரியத்தோட மின்னகத்துக்கு, 94987 94987, போன் போடு. ஓவன் எரரை அப்புறம் பாத்துக்கலாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்றேன். மைக்ரோவேவோட வெளி மூடியைக் கழட்டாதே, யூடியூப் பாத்துட்டு தம்பி ஸ்க்ரூ டிரைவரோட வந்தாலும் விடாதே. உள்ளே இருக்கிற கெபாசிட்டர்ல பிளக்கை உருவின பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிக்கலாம். ஆளைக் கொல்ற கரன்ட் அது.

சர்வீஸ் நம்பரை கூகுள்ல தேடாதே, ஏமாத்துறவங்க நம்பர் அங்க நிறைய. வாரன்டி அட்டையிலயோ ஓவன் பின்னாடி லேபிள்லயோ இருக்கிறதுக்குக் கூப்பிடு. வாரன்டி இருந்தும் இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்ப அந்தப் போட்டோவும் தேதியும் உதவும். போர்டை மாத்தினோம்னு பில் போட்டா பழைய போர்டைக் கேட்டு வாங்கிக்கோ. வாரன்டில மாத்தினா அவங்களே எடுத்துட்டுப் போவாங்க, அது வேற. நீ காசு கொடுத்து மாத்தினா பழசு உன்னோடது.