காசநோயும் புகைத்தலும்: உளவளத்துணையின் பங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புகையிலையும் சுருட்டும் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. அதனாலோ என்னவோ, வீட்டில் முதியவர் ஒருவர் இருமினால், "அது சுருட்டு இருமல்தானே" என்று விட்டுவிடுகிறோம். காசநோய் ஒளிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், புகைப்பவராயினும் சளியைப் பரிசோதிக்க வேண்டும்.

இந்நோயை உண்டாக்குவது புகை அல்ல. 1882 இல் றொபேட் கொக் கண்டறிந்த பற்றீரியாவே. ஆனால் சுவாசப் பாதையைத் துப்புரவாக்கும் பிசிர்களைப் புகை செயலிழக்கச் செய்கிறது. கிருமிகளை விழுங்கும் கலங்களையும் பலவீனப்படுத்துகிறது. புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. குணமான பின் நோய் திரும்பும் வாய்ப்பும் அவருக்கே அதிகம்.

சாதாரண காசநோய்க்குச் சிகிச்சை 6 மாதங்கள். முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், பின்னர் 4 மாதங்கள் இரண்டு மருந்துகள். இக்காலத்தில் நோயாளி சுகாதார ஊழியரை அடிக்கடி சந்திக்கிறார். புகைப்பவர் வேறு எவருக்கும் இப்படியொரு வாய்ப்பு அமைவதில்லை. பாகிஸ்தானில் காசநோய் சந்தேகிக்கப்பட்ட 1955 புகைப்பவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டே தடவை முறையாக உளவளத்துணை பெற்றவர்களுள் 100 இற்கு 40 பேரளவில் ஆறு மாதங்கள் புகைக்காமல் இருந்தனர். வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுள் அது 10 பேரைக்கூட எட்டவில்லை.

உளவளத்துணை என்பது ஏசுவதல்ல. ஏசினால் நோயாளி பொய் சொல்வார், அவ்வளவுதான். "எத்தனை மணிக்கு முதல் சிகரெட்? யாரோடு சேர்ந்தால் கை போகிறது?" என்று கேட்டு, நிறுத்தும் நாளை அவரையே தெரிவுசெய்ய விடவேண்டும். நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மாத்திரையின் விளைவு என்று நினைத்து அவர் மாத்திரையையே நிறுத்திவிடக்கூடும். புகைக்கும் அவா எழுந்தாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். தண்ணீர் குடிப்பதும் எழுந்து நடப்பதும் அந்நேரத்தைக் கடக்க உதவும். றமழானில் பகல் முழுவதும் புகைக்காதிருந்தவரிடம், "அந்த 13 மணித்தியாலங்கள் எப்படி முடிந்தது?" என்று கேட்பதும் நல்ல ஆரம்பம்.

புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை 1948 என்ற தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது. வீட்டாரின் உதவியும் தேவை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரெட் விற்கக்கூடாது. ஆகவே "கடைக்குப் போய் ஒன்று வாங்கி வா மகள்" என்று வாப்பா கேட்டால், மறுப்பதற்குச் சட்டமே நம் பக்கம் இருக்கிறது.