லாச்சியில் கிடப்பதெல்லாம் லாபமா?

வியாபாரச் சகோதரர்களே! கடை மூடும்போது லாச்சிக் காசை எண்ணி, அதையே லாபமென்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கையில் ஒருமுறை வீட்டுக் கூரை வேலையைத் தொடங்கினேன். சரக்குக்குக் கொடுத்திருந்த பின்திகதிச் செக் ரிட்டனாகி வந்தது. பணத்தைக் கட்டி முடித்தேன். ஆனால் பழைய தவணை மீண்டும் கிடைக்கவில்லை.

பிழை எங்கேயென்று விளங்கியது, கான் அகாடமி இணையத்தளத்தில் கணக்கியல் பாடம் பார்த்த பிறகுதான். அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தூரத்திலிருந்து கணிதம் சொல்லிக்கொடுத்தார். அதுவே வளர்ந்து இன்று கணிதம், விஞ்ஞானம், பொருளியல், நிதி என எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் 2001இல் அறிவித்தபடி தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைத்துள்ளது. ஆங்கிலம் தடையென்றால் உயர்தரம் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கற்றது இதுதான். 100,000 ரூபாவுக்குக் கடனாக எடுத்த சரக்கை 120,000 ரூபாவுக்குக் கைக்காசாக விற்றால் லாச்சியில் 120,000 இருக்கும். அதில் 100,000 சரக்குக்காரருடையது. மிகுதி 20,000இலும் வாடகை, சம்பளம், மின்கட்டணம் கழிய வேண்டும். அதே சரக்கைக் கடனுக்கு விற்றால், ஏட்டில் லாபம் இருக்கும்; லாச்சி வெறுமையாக இருக்கும். எனவே காசுக்கு ஒரு கணக்கு, லாபத்துக்கு வேறு கணக்கு.

கடனை எழுதிவைக்க வேண்டுமென்பதை சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் வலியுறுத்துகிறது. எழுதுவதை ஒழுங்காக எழுதக் கற்க, இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் ஒதுக்குவோம், இன்ஷா அல்லாஹ்.