கையேடில்லாப் பழைய பவர் டில்லரைப் பேணும் முறை

கல்குளம் வட்டத்து அங்கத்தினர்களில் புதிய பவர் டில்லர் வாங்க வசதியில்லாதோர் பிறர் உழைத்துக் கழித்த யந்திரத்தை வாங்கிக் கொள்வது இன்று சாதாரணமாகி விட்டது. அதில் குற்றமொன்றுமில்லை. ஆயின், யந்திரம் கைமாறும்போது அதனுடன் வந்திருக்க வேண்டிய கையேடு பெரும்பாலும் கைமாறுவதில்லை. கேட்டால், கரையான் தின்றுவிட்டது என்பர். அல்லது முன்னவரிடமே இல்லை என்பர். கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே நமக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. அந்நாட்களில் யந்திரம் ஏலாவின் நடுவே நின்றுவிடுமாயின், பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வீணே ஓடும், நாற்று முற்றும், கடன் தவணை மட்டும் நில்லாது வரும். ஆகவே கையேடில்லாத நிலையில் செய்யத்தக்க பராமரிப்பைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்பது பொருள். அந்நாட்டில் இன்று உழும் இக்கலப்பை ஜப்பானிய வழியில் வந்தது. பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் 1967இல் மிட்சுபிஷியின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியிலுள்ள கேரள அரசு நிறுவனமான காம்கோ 1973இல் அமைந்து, குபோட்டாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டு பவர் டில்லர் செய்தது. இரண்டிலும் ஒற்றைச் சிலிண்டர் கொண்ட, படுக்கை வாட்டமான, தண்ணீரால் குளிரும் டீசல் எஞ்சினே உள்ளது. எனவே ஒன்றைக் கற்றவர் மற்றொன்றின் முன் திகைக்க வேண்டியதில்லை.

முதலில் எஞ்சின் மீது அறைந்திருக்கும் தகட்டை மண் போக்கிப் படிக்க வேண்டும். மாதிரியின் பெயர், வரிசை எண், குதிரைத் திறன், நிமிடச் சுழற்சி ஆகியவை அதிலிருக்கும். இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிக் கொள்க. மாதிரியின் பெயர் தெரிந்தால் விற்பனையாளரிடமோ வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கையேட்டின் பிரதி கேட்க முடியும். மற்றொரு வழியும் உண்டு. அதைப் பலர் அறியார். ஆந்திர மாநிலம் அனந்தப்பூர் அருகே கார்லதின்னையிலுள்ள மத்திய அரசின் பண்ணை யந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையத்தில் பவர் டில்லர்கள் பரிசோதிக்கப் பெறுகின்றன. அப்பரிசோதனை அறிக்கைகளில் எந்த எண்ணெய், எவ்வளவு என்பன போன்ற விவரங்கள் அடங்கியிருக்கும். விளம்பரத் தாளைக் காட்டிலும் அவ்வறிக்கை நம்பத்தக்கது என்பது நம் கருத்து.

கணக்குப் புத்தகம் இல்லாத சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது நாம் முந்திய காரியதரிசியின் வாய்ச்சொல்லை ஏற்பதில்லை; இருப்பை எண்ணிப் பார்த்துப் புதுக் கணக்குத் தொடங்குகிறோம். யந்திரத்திலும் அதுவே முறை. "போன மாதந்தான் ஆயில் மாற்றினேன்" என்று விற்றவர் சொன்னாலும், எல்லா எண்ணெயையும் ஒரு முறை வடித்துவிட்டு, அன்றைத் தேதியிட்டுப் புதுக்கணக்கு எழுதுவதே நன்று. எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சமதளத்தில் வைத்து, அடித்திருகைக் கழற்றி வடிக்க வேண்டும். வடிந்த அளவைப் பார்த்து அதே அளவு ஊற்றுவது பிழை. முன்னவர் குறைவாக ஊற்றியிருக்கலாம். அளவுக்கோலின் மேற்கோட்டுக்கு வரும்வரை சிறிது சிறிதாக ஊற்றுக. வடித்த எண்ணெயை விரலிடையே தேய்த்துப் பார்த்தால் உலோகத் துகள் தட்டுப்படுகிறதா என்பது தெரியும். பற்சக்கரப் பெட்டியிலிருந்து வடிந்தது பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். தொளியில் உழும் யந்திரத்தில் சுழல் கத்தித் தண்டின் சீல் தேய்ந்து சேற்றுநீர் உள்ளே செல்வது இங்கே அடிக்கடி காணும் குறை. சீலின் விலை சொற்பம். அதைக் கவனியாது விட்டால் அழியும் பேரிங்கும் பற்சக்கரமும் சொற்பமல்ல.

எஞ்சின் ஆயிலைச் சாதாரணமாக 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். பழைய யந்திரத்தை வாங்கி முதலில் மாற்றிய எண்ணெயை 25 மணியிலேயே மறுமுறை மாற்றினால் உள்ளே படிந்த கசடு நீங்கும். ஓடிய மணியை எப்படி அறிவது? மணி காட்டும் கருவி பழையவற்றில் இராது, இருந்தாலும் ஓடாது. டீசல் ரசீதே அதற்குக் கருவியாகும். தொட்டியை நிரப்பி ஒரு மணி நேரம் உழுது, மீண்டும் நிரப்பிச் செலவை அளக்கவும். மணிக்கு ஒன்றரை லிட்டர் என்று கண்டால், 150 லிட்டர் டீசல் தீர்ந்தபோது 100 மணி ஆயிற்று. வாடகைக்கு விடும் சங்கத்தில் இந்தக் கணக்கு ஏற்கெனவே எழுதப்பட்டே இருக்கிறது. கூட்டிப் பார்ப்பவர்தாம் இல்லை.

காற்று வடிகட்டியை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் எஞ்சினின் ஆயுள் பெரும்பகுதி அதனிடமே இருக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் வைத்த வடிகட்டியாயின், புழுதி உழவின்போது தினந்தோறும் திறந்து பார்த்து, எண்ணெய் சேறாகியிருப்பின் கொட்டி, டீசலால் கழுவி, குறியிட்ட மட்டம் வரை புது எண்ணெய் ஊற்ற வேண்டும். மட்டத்துக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும். வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் மயிரளவு வெடிப்பிருந்தாலும், வடிகட்டி இருந்தும் இல்லாததே. தூசி நேரே உள்ளே போய்ச் சிலிண்டரை அரிக்கும்.

புகையும் செய்தி சொல்லும். கறுப்பாயின் காற்றுப் போதவில்லை, அல்லது சுமை மிகுதி. நீலமாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாவிடில் டீசலில் தண்ணீரோ, உள்ளே வேறு கோளாறோ உண்டு. மழை மிகுந்த நம் பகுதியில் டீசல் தொட்டியின் அடியில் நீர் சேரும். வாரம் ஒரு முறை அடிக்குழாயைத் திறந்து சிறிது வடிப்பது போதும்.

தொட்டி வற்றும்வரை ஓட்டிவிட்டால், மீண்டும் டீசல் ஊற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. குழாயில் காற்று அடைத்துக் கொள்ளும். வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும். பின் பம்பிலும் அவ்வாறே. நாசிலிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும் வேகமுடையது. அதன் முன் கையை நீட்டுதல் கூடாது.

விசையைக் கத்திக்கும் சக்கரத்துக்கும் அனுப்பும் பெல்ட்டுகளை நடுவில் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடைக்கு மிகுதியாகத் தாழ்ந்தால் தளர்ச்சி என்க. ஒன்று அறுந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுதல் நலம். புதியதும் பழையதும் சமமாக இழுப்பதில்லை. பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண் அழியுமுன் நோட்டில் குறித்துக் கொள்க.

கத்திகளில் இடப்புறம் வளைந்தவை, வலப்புறம் வளைந்தவை என இருவகை உண்டு. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிக் குவித்தவர் படும் பாட்டை நாம் கண்டிருக்கிறோம். தறியில் பாவு இழையின் வரிசை கலைந்தால் என்னாகும் என்று நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆதலின் ஒன்றைக் கழற்றி அவ்விடத்திலேயே புதியதைப் பூட்டிய பின் அடுத்ததைத் தொடுக. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக் கொள்வதும் நல்ல உபாயம். கூர்முனை சுழலும் திசையை நோக்கி இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்கக் கையோ காலோ நீட்டலாகாது. பின்னோக்கி ஓட்டுகையில் கத்தியின் விசையை நிறுத்தியிருத்தல் கட்டாயம். பின்னே நடப்பவர் கால் தவறினால் யந்திரம் அவர் மீதே ஏறும்.

இத்தனையும் உடையவரே செய்யலாம். வால்வு இடைவெளியையும் டீசல் பம்பையும் மட்டும் அளவு தெரியாமல் தொடுதல் தகாது. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுக.

நடவு முடிந்து யந்திரத்தை நிறுத்தும் நாளில் சேற்றைக் கழுவி, உலர்த்தி, கத்திகளுக்கும் போல்ட்டுகளுக்கும் கழித்த எண்ணெய் பூசி, பெல்ட்டைத் தளர்த்தி வைக்க வேண்டும். டீசல் தொட்டியை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றிலுள்ள ஈரம் நீராகச் சேர இடமிராது. மாதம் ஒரு முறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, அதனையும் தேதியுடன் நோட்டில் எழுதிக் கொள்க. பின்னொரு நாள் இந்த யந்திரத்தை விற்க நேர்ந்தால், அந்த நோட்டையும் வாங்குவோரிடம் சேர்த்துக் கொடுக்கலாம்.