பாலைநில வீடும் பருவப் புயலும்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மழைப்பருவம் எனக் கணக்கிடப்படுகிறது. இடிமேகத்தினின்று கீழிறங்கும் குளிர்காற்று நிலத்தில் மோதிப் பரந்து, புழுதியை மதிலென எழுப்பும். அதனை 'ஹபூப்' என்பர். வீசுதல் எனப் பொருள்படும் அரபு வேரினின்று பிறந்த சொல் இது. 2011 ஜூலை 5ஆம் நாள் ஃபீனிக்ஸ் நகரைச் சூழ்ந்த புழுதிமதில் 5,000 முதல் 6,000 அடி வரை உயர்ந்தது.

ஆகவே, பருவத்திற்கு முன்னரே கதவு, சன்னல் இடுக்குகளை அடைத்தல் வேண்டும். கூரையின் நீர்த்தாரைகளில் படிந்த சருகுகளை அகற்றுதல் வேண்டும். பட்ட கிளைகளைக் கழித்தல் வேண்டும். முற்றத்துப் பொருள்களை உள்ளே சேர்த்தல் வேண்டும். புழுதி எழுங்கால், வெளிக்காற்றை உள்ளிழுக்கும் குளிர்விப்பான்களை நிறுத்திவிட வேண்டும்.

புயல் ஓய்ந்தபின் உலர்ந்த துடைப்பத்தை எடுத்தல் ஆகாது. அம்மண்ணில் வாழும் காக்சிடியாய்டிஸ் எனும் பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சுடன் நுரையீரலை அடைந்து 'பள்ளத்தாக்குக் காய்ச்சலை' விளைவிக்கும். எனவே ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பதே முறை. குளிர்சாதனத்தின் வடிகட்டியைத் தூய்மை செய்தலோ மாற்றுதலோ வேண்டும். தொட்டிகளில் தேங்கிய மழைநீரைக் கவிழ்த்துவிட்டால் கொசு பெருகாது.

பாலைக்கு மழை பெருங்கொடையே. முன்கூட்டி வீட்டை ஆயத்தம் செய்தோர்க்கு அக்கொடை இடராக மாறுவதில்லை.